துரை வண்டிக்கு வந்த பிரிட்ஜ்

ரேணுகாம்பாள் பன்னிரண்டு வருஷம் ஒரு முட்டைக்குள் குடியிருந்தாள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே இறங்கும் மண்பாதையில், அப்பாதுரை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த ஓட்டு அறைகளுக்குப் பின்னால், ஒரு புளியமரத்தடியில் அந்த முட்டை நின்றது. அலுமினியத் தகடு போர்த்திய, இரண்டே சக்கரம் வைத்த, காரின் பின்னால் கட்டி இழுத்துப் போகிற வீடு. பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம். உள்ளே கட்டில் உண்டு, மடக்கு மேஜை உண்டு, பாத்திரம் கழுவக் குழாய் உண்டு. குழாயில் தண்ணீர் மட்டும் கிடையாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதை முட்டை வண்டி என்றார்கள். பெரியவர்கள் துரை வண்டி என்றார்கள். ரேணுகாம்பாள் அதற்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை. வெறுமே ‘அது’ என்பாள். கல்யாணம், காதுகுத்து என்று யார் வந்து அழைத்தாலும், “அத வுட்டுட்டு எப்பிடிங்க ரெண்டு பேரும் வர்றது?” என்பாள். அழைக்க வந்தவர்களுக்கும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

அதைக் கொண்டுவந்தவர் ஹென்ட்ரிக் என்ற ஹாலந்துக்காரர். 1974-ல் ஒரு வேனின் பின்னால் அதைக் கட்டிக்கொண்டு, ஏழெட்டு தேசங்களைத் தரை வழியாகவே கடந்து திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். வண்டிக்கு அப்போதே இருபது வயதுக்கு மேல். வந்த இடத்தில் அச்சு முறிந்தது. அதே வாரத்தில், தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று ஊரிலிருந்து தந்தி வந்தது. வெளிநாட்டிலிருந்து வண்டி கொண்டுவருகிறவர்கள் திரும்பும்போது அதையும் கொண்டுபோய்விட வேண்டும், இங்கே விட்டுப் போகக் கூடாது என்பது சட்டம். அச்சு முறிந்ததை எப்படி இழுத்துப் போவது? மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து பார்த்தார். ஹென்ட்ரிக் திரும்பி வரும்வரை உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பில் வண்டியை விடலாம் என்று முடிவாயிற்று. முதலில் அப்பாதுரையைத்தான் கேட்டார்கள். அவர் விவரமானவர். தனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டு, கிணற்றடியில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தோட்டக்காரன் சகாதேவனைக் கைகாட்டினார்.

சகாதேவன் ரேணுகாம்பாளின் புருஷன். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு வயதில் பெண் குழந்தை. மழை வந்தால் மூலையில் சுருண்டுகொள்ள வேண்டிய ஒரு கூரைச் சாய்ப்பில் குடியிருந்தார்கள். அதிகாரி எல்லாவற்றையும் தமிழில் நிதானமாகத்தான் எடுத்துச் சொன்னார். சகாதேவனுக்குப் பயத்தில் காது அடைத்துக்கொண்டதில் மூன்று விஷயங்கள்தான் உள்ளே போயின. வண்டியை விற்கக் கூடாது. பிரிக்கக் கூடாது. எப்போது வந்து கேட்டாலும் காட்ட வேண்டும். டைப் அடித்த காகிதத்தில் தன் பெயர் இருப்பதைப் பார்த்த பயத்தில் அவன் போட்ட கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று. வண்டியிலேயே குடும்பத்தோடு இருந்துகொள் என்று ஹாலந்துத் துரை சொன்னார். ஆறு வாரத்தில் வந்துவிடுவதாகவும் சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு ரேணுகாம்பாளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைச் செடியில் கடலை ஆய்ந்து வளர்ந்த பெண் அவள். அவள் வீட்டு ஆண்கள் யாருடைய பெயரையும் சர்க்கார் டைப் அடித்ததில்லை. அதிகாரி கொடுத்துவிட்டுப் போன நகலை மடிப்புக் கலையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு, தேரடித் தெருவில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போடும் கடைக்கு அவளே போனாள். தலைப்பில் சிங்க முத்திரையும் நடுவில் புருஷன் பெயருமாகக் காகிதம் கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்தது. வண்டிக்குள் ஜன்னல் இல்லாத சுவர் ஒன்றே ஒன்றுதான். அதில் அண்ணாமலையாருக்கும் படவேட்டு அம்மனுக்கும் நடுவே அதை மாட்டினாள். வெள்ளிக்கிழமைதோறும் மூன்றுக்கும் சேர்த்தே மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். ஆயுத பூஜைக்கு மூன்றுக்கும் ஒரே நீளத்தில் பூச்சரம். இப்படியாக அந்தக் காகிதம் சாமியாகிவிட்டது. சாமி படத்தை யாராவது வாசித்துப் பார்ப்பார்களா?

முதல் சில மாதம் நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடி ஜன்னல், மெத்தை, மழைக்கு ஒரு சொட்டு ஒழுகாத கூரை. ஆறு வாரம் போய், ஆறு மாதம் போய், சித்திரை வந்தபோதுதான் அந்தக் கூரையின் குணம் தெரிந்தது. பத்து மணிக்கு மேல் உள்ளே கால் வைக்க முடியாது. தகரம் காய்ந்து, சுவரில் கை பட்டால் சுடும். குழந்தை கஸ்தூரிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு வந்து சீழ் கட்டியது. ரேணுகாம்பாளின் அண்ணன் அர்ஜுனன் வந்து பார்த்துவிட்டு, வெயில் காலம் முடியட்டும் என்று குழந்தையைக் கீழ்பென்னாத்தூருக்குத் தூக்கிப் போனான். வெயில் காலம் முடிந்தது. அடுத்த வெயில் காலமும் வந்தது. பிறகு அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. கஸ்தூரி மாமன் வீட்டுப் பெண்ணாகவே வளர்ந்தாள். தீபத்துக்கும் முழுப் பரீட்சை லீவுக்கும் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போவாள்.

சரி, பிள்ளையோடு இவர்களும் போயிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சகாதேவனின் மூன்றாவது விஷயம் வந்து குறுக்கே நின்றது. எப்போது வந்து கேட்டாலும் காட்ட வேண்டும். வந்து கேட்கும்போது ஆள் இல்லையென்றால்? ஜெயில்தான் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். அதனால் இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் வண்டியடியில் இருக்க வேண்டும். அவன் தோட்டத்துக்குப் போகிற பகலெல்லாம் அவள் காவல். ராத்திரிக்கு அவன் காவல். அவள் கடைக்குப் போக வேண்டுமென்றால் அவன் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார வேண்டும். கிரிவலம் போகிறவர்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கிருந்தெல்லாமோ வந்து சுற்றிவிட்டுப் போனார்கள். மலையடியில் குடியிருந்த இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை சுற்றியதில்லை. ஒரு பௌர்ணமி அவன் என்றால் அடுத்த பௌர்ணமி அவள்.

ஒரு தடவை அவளுடைய அம்மா காசியம்மாள் செத்துப்போனாள். ரேணுகாம்பாள் எடுப்புக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். கருமாதிக்கு மருமகன் இல்லாமல் முடியாது, தலைப்பாகை கட்ட வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். சகாதேவன் போனான். பெற்ற தாயின் கருமாதி நடக்கும்போது மகள் இங்கே புளியமரத்தடியில் முட்டைக்குக் காவல் இருந்தாள். அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாகப் புருஷனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். உன் காகிதமும் நீயும் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவன் ராத்திரிக் காவலுக்குப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். பதில் பேசியிருந்தால் கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

துரையிடமிருந்து வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். அப்பாதுரை வாசித்துச் சொல்வார். மலை எப்படி இருக்கிறது, புளியமரம் எப்படி இருக்கிறது, அடுத்த வருஷம் நிச்சயம் வருவேன் என்று இருக்கும். ரேணுகாம்பாள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கூட இருக்காது. 1986 புரட்டாசியில் வந்த கடிதம்தான் வேறு மாதிரி இருந்தது. இந்தத் தீபத்துக்கு வருகிறார். அவருக்குச் சர்க்கரை வியாதி, தினமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அந்த மருந்து குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். ஆகவே வண்டியில் ஒரு சின்னப் பிரிட்ஜ் பொருத்தி வைக்கச் சொல்லி, அதற்கு வேண்டிய ஏற்பாட்டையும் அப்பாதுரை மூலமாகச் செய்திருந்தார். சொன்னபடி வரவும் செய்தார். பன்னிரண்டு நாள் இருந்தார், மருந்தைக் குளிர வைத்துப் போட்டுக்கொண்டார், போனார். அவரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நமக்கு வேண்டியது அந்தப் பிரிட்ஜ்தான்.

வண்டிக்குக் கரண்ட் கிடையாது. அதனால் மண்ணெண்ணெயில் ஓடுகிற பிரிட்ஜ்தான் சரிப்படும் என்றார் ஜானி பாஷா. பெரிய தெருவில் ரேடியோ, மிக்சி, கல்யாண வீட்டு மைக் செட் என்று எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டுகிறவர் அவர். எங்கோ வேலூர்ப் பக்கம் ஏலத்தில் ஒன்றைப் பிடித்து, துடைத்து, வெள்ளைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். அகலம் குறைவு. காலும், அடியில் எண்ணெய்த் தொட்டியும் சேர்த்து உயரம் மட்டும் நாலரை அடி. உள்ளே நாலு பாட்டிலும் ஒரு சொம்பும் வைக்கலாம். தொட்டியில் திரியை ஏற்றி வைத்தால், அந்தச் சூட்டில் பின்பக்கக் குழாய்க்குள் மருந்து கொதித்து ஓடி மேலே குளிரும் என்று அவர் விளக்கியபோது, நெருப்பு வைத்தால் எப்படி ஐஸ் ஆகும் என்று சகாதேவன் இரண்டு தடவை கேட்டான். பாஷா மூன்றாம் தடவை விளக்கவில்லை.

இதற்கு நடுவில் கஸ்தூரி பெரிய மனுஷி ஆகிவிட்டாள். பதினோராம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, மஞ்சள் நீராட்டு என்று அர்ஜுனன் வந்து சொல்லிவிட்டுப் போனான். ரேணுகாம்பாள் முதல் தண்ணீர் ஊற்றப் போய் அன்று சாயங்காலமே திரும்பிவிட்டாள். நடுவில் ஒரு நாள் போய் எட்டிப் பார்த்தபோது, பச்சை ஓலைக்குள் உட்கார்ந்திருந்த பெண் தாயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அன்னிக்கி அப்பாவும் வருவாராம்மா?”

பார்க்கலாம் என்றாள் தாய். பார்க்கலாம் என்றால் வர மாட்டார் என்று அந்தப் பெண்ணுக்குப் பதிமூன்று வருஷத்தில் தெரிந்திருந்தது.

“பள்ளிக்கூடத்துல எல்லாரும் கேக்கறாங்கம்மா, உங்க அம்மாவும் அப்பாவும் சண்டக்காரங்களா, சேந்தே வர மாட்டாங்களான்னு. அவரு வர்லன்னா நான் மணையில உக்கார மாட்டேன்.”

ரேணுகாம்பாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது முடிவு செய்துகொண்டாள். இந்த ஒரு நாளுக்கு அவனை எப்படியாவது அழைத்துப் போய்விட வேண்டும். ஆனால் சகாதேவன் அசையவில்லை. துரை வருகிற நேரம், இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டதைக் கடைசியில் விட்டுவிட்டு மாட்டிக்கொள்ளச் சொல்கிறாயா என்றான். நீ போய்ப் பெண்ணுக்குச் சொல்லு, அப்பா தீபம் முடிந்ததும் வந்து பார்ப்பார் என்றான். சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆசை இல்லாதவன் இல்லை அவன். பெண்ணுக்கென்று ஒரு பாவாடைத் துணி வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தான். அது அவளுக்கும் தெரியும், தெரிந்ததால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் பாஷா மூன்று சக்கர வண்டியில் பிரிட்ஜைக் கொண்டுவந்து இறக்கினார். மறுநாள் விடிவதற்குள் பெண்ணுக்கு நலுங்கு வைக்க வேண்டும். மூன்றரை மணி பஸ்ஸுக்குப் போய்விட வேண்டும் என்று ரேணுகாம்பாள் சேலையெல்லாம் மாற்றித் தயாராக இருந்தாள். பாஷா அதற்கு முந்தைய நாளே வந்து ஜாக்கி போட்டு, மண்ணில் புதைந்திருந்த ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கிச் செங்கல் அடுக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். இந்தப் பிரிட்ஜ் ஒரு நூல் சாய்ந்து நின்றாலும் குளிராதாம். படுக்கப் போடவோ சாய்த்துத் தூக்கவோ கூடவே கூடாதாம். கதவை அளந்தார், இருபத்திரண்டு அங்குலம். பிரிட்ஜை அளந்தார், இருபத்தொன்றரை. உரசிக்கொண்டு போய்விடும் என்றார். வெளியே இருந்து தள்ள அவரும் சகாதேவனும், உள்ளே இருந்து இழுத்துப் பிடிக்க ரேணுகாம்பாள். பலகை போட்டு, நிமிர்ந்த வாக்கிலேயே மெல்ல ஏற்றினார்கள்.

அவர் அளந்தது முன்பக்கத்தை. பின்னால் இருந்த குழாய் இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை துருத்திக்கொண்டிருந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை. குழாய்தான் முதலில் உள்ளே போயிற்று. ஒரு தள்ளில் கதவு நிலையைத் தாண்டியது, தாண்டியதும் பூட்டு விழுகிற இரும்புப் பட்டைக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. முன்னே தள்ளினால் பிரிட்ஜின் கதவுக் கீல் இந்தப் பக்கம் இடித்தது. பின்னே இழுத்தால் குழாய் வளைந்தது.

“இழுக்காத, நைனா, இழுக்காத” என்றார் பாஷா. “உள்ள இருக்கிறது அமோனியா. கொழாய் ஒடஞ்சிதுன்னா உள்ள இருக்கிற பொம்பளைக்குக் கண்ணு மூக்கு எல்லாம் எரிஞ்சிடும்.”

சகாதேவன் கையை எடுத்துவிட்டான். ரேணுகாம்பாள் உள்ளே நின்றாள். அந்த வண்டிக்கு வேறு வாசல் கிடையாது. ஜன்னல்கள் மேலே கீல் வைத்தவை, ஒரு சாண்தான் திறக்கும். பிரிட்ஜின் தலைக்கும் கதவு நிலைக்கும் நடுவே அரையடி இடைவெளி இருந்தது. அதன் வழியாகப் பாஷாவின் நெற்றியும் புருஷனின் தலையில் கட்டிய துண்டும் தெரிந்தன. ஐப்பசி வெயில்தான், ஆனாலும் தகரம் சுட ஆரம்பித்திருந்தது. புதுச் சேலை முதுகில் ஒட்டியது. அவள் மேஜை மேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே கால்.

வழி சுலபமாகத்தான் இருந்தது. அந்த இரும்புப் பட்டையை எட்டு ஸ்குரூ பிடித்துக்கொண்டிருந்தது. கழற்றினால் ஒரு அங்குலம் கிடைக்கும். பாஷா திருப்புளியை எடுத்தார். சகாதேவன் குறுக்கே வந்து நின்றான். வண்டியை எதுவும் பிரிக்கக் கூடாது, சர்க்கார் உத்தரவு என்றான். பிரிட்ஜ் உள்ளே போனால் சுவரில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஓட்டை போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் திரிப் புகை உள்ளேயே நின்று ஆளைக் கொன்றுவிடும் என்று பாஷா சொன்னதும் அவனுக்கு இன்னும் பயம் பிடித்துக்கொண்டது. ஓட்டையா, கூடவே கூடாது என்றான். பாஷா பொறுமையாகப் பேசிப் பார்த்தார், கோபமாகப் பேசிப் பார்த்தார், புளியமரத்தடியில் போய் உட்கார்ந்து ஒரு பீடி குடித்துவிட்டு வந்து மறுபடியும் பேசிப் பார்த்தார். மணி இரண்டு ஆயிற்று. இரண்டே கால் ஆயிற்று. கட்டின பெண்டாட்டி சூட்டில் நின்றுகொண்டிருக்கிறாள், பெற்ற பெண் ஊரில் காத்துக்கொண்டிருக்கிறாள், இந்த மனுஷனுக்கு எட்டு ஸ்குரூ பெரிதாக இருக்கிறதே என்று ரேணுகாம்பாளுக்கு ஆத்திரமாக வந்தது. கத்தக் கூடத் தோன்றவில்லை. பன்னிரண்டு வருஷமாக இருந்த இடத்தில்தான் இப்போதும் இருக்கிறோம், வாசல் அடைத்திருப்பது மட்டும்தான் புதிசு என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் பாஷா, “அந்தக் காயிதத்தக் காட்டு. ஓட்ட போடக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்குன்னு நானே பாத்துக்கறேன்” என்றார். அவர் ஐ.டி.ஐ. படித்தவர், ஆங்கிலம் வாசிப்பார். சகாதேவனும் அதற்குச் சம்மதித்தான். காகிதம் தன் பக்கம்தான் பேசும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

ரேணுகாம்பாள் அண்ணாமலையாரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நடுவில் இருந்த படத்தை ஆணியிலிருந்து எடுத்தாள். அரையடி சந்து வழியாக அதை நீட்டினாள். பாஷா சட்டைக் கையால் குங்குமத்தைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னார். விற்கக் கூடாது, சரி. பாகங்களைப் பிரித்து அப்புறப்படுத்தக் கூடாது, சரி. அதிகாரிகள் கேட்கும்போது காட்ட வேண்டும், சரி.

“நாலாவது, மேற்படி சகாதேவனுடைய பொறுப்பு...” என்று நிறுத்தினார். “அவ்ளோதான். தாள் முடிஞ்சிட்டுது. ரெண்டாம் பக்கம் எங்க?”

ரெண்டாம் பக்கமே கிடையாது, இவ்வளவுதான் கொடுத்தார்கள் என்று சகாதேவன் சாதித்தான். பாஷா கண்ணாடிக்குள் கீழே ஓரத்தில் விரலை வைத்து, இரண்டு பக்கத்தில் இது முதல் பக்கம் என்று எழுதியிருப்பதைக் காட்டினார். உன் கையெழுத்து எங்கே என்றும் கேட்டார். முன்பக்கத்தில் கையெழுத்தே இல்லை.

உள்ளே நின்ற ரேணுகாம்பாளுக்குத் தேரடித் தெருக் கடை ஞாபகம் வந்தது. கடைக்காரர் கையில் பசையோடு நின்றது கூட வந்தது. தாள் இரண்டு இருக்கிறதே அம்மா, கண்ணாடிக்குள் ஒன்றுதான் தெரியும், எதை முன்னால் வைக்கட்டும் என்று அவர் கேட்டார். ஒன்றில் சிங்கமும் டைப் அடித்த பெயரும். மற்றதில் சகாதேவனின் கையெழுத்து, மாடு மிதித்த வரப்பு மாதிரி கோணலாக. நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? சிங்கம் முன்னால் இருக்கட்டும், கையெழுத்து உள்ளே போகட்டும் என்று அவள்தான் சொன்னாள். அவர் அட்டை வைத்து, ஆணி அடித்து, பின்னால் பழுப்புக் காகிதம் ஒட்டி மூடிக் கொடுத்தார்.

“பாய், படத்த இப்பிடிக் குடுங்க” என்றாள்.

காய் நறுக்கும் கத்தியால் பின்பக்கத்தைக் கீறினாள். அட்டையைப் பெயர்த்ததும் இரண்டாவது தாள் அவள் கையில் வந்தது. முன்பக்கத் தாள் பழுத்துப்போயிருந்தது. இது வெளிச்சம் படாததால் அன்றைக்குக் கொடுத்த மாதிரியே வெள்ளையாக இருந்தது. ரேணுகாம்பாளுக்கு ஆங்கிலம் தெரியாது. எண்கள் தெரியும். நாலைந்து வரிக்கு நடுவே 31-3-1975 என்று இருந்தது. அதை அவள் மூன்று தடவை பார்த்தாள். பிறகு தாளைச் சந்து வழியாக வெளியே கொடுத்தாள்.

பாஷா முதலில் மனசுக்குள் வாசித்தார். பிறகுதான் சொன்னார்.

“நாலாவது, மேற்படி சகாதேவனுடைய பொறுப்பு ஆறு மாசத்துக்குத்தான். எழுபத்தஞ்சு மார்ச் முப்பத்தொண்ணோட முடிஞ்சிடும். அதுக்கப்பறம் வண்டிக்கு அவரு ஜவாப்தாரி இல்ல. ஓனர் வர்லன்னா டிபார்ட்மெண்டே பாத்துக்கும். கீழ உன் கையெழுத்து இருக்கு, பாரு.”

“எந்த வருஷம்னு சொன்னீங்க?” என்றான் சகாதேவன்.

“எழுபத்தஞ்சு.”

ரேணுகாம்பாள் எக்கிப் பார்த்தாள். துண்டு தெரியவில்லை. சகாதேவன் படிப் பலகையில் உட்கார்ந்துவிட்டிருந்தான்.

“அப்ப இத்தினி வருஷம் நான் யாருக்குக் காவல் இருந்தேன், பாய்?” என்று அவன் கேட்பது மட்டும் காதில் விழுந்தது. பாஷா தாளைத் திருப்பிப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்றுதான் கேட்டார்.

ரேணுகாம்பாள் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். கடைக்காரர் மேல் பழியைப் போட்டிருக்கலாம், அவர் செத்து ஐந்து வருஷம் ஆகிறது. அவள் அப்படிச் செய்யவில்லை. அம்மாவின் கருமாதி அன்று இந்தக் காகிதத்தைச் சொல்லிச் சொல்லி அவனை ஏசியது அவளுக்குக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

“நான்தாங்க வச்சி அடச்சேன்” என்றாள் பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து. “உங்க கையெழுத்து கோணலா இருந்திச்சி. யாரும் பாக்க வேணாம்னு நான்தான் உள்ள வைக்கச் சொன்னேன்.”

திருப்புளி இரும்பில் உரசும் சத்தம் கேட்டது. கழற்றியது பாஷா இல்லை, சகாதேவன்தான். ஏழு ஸ்குரூ வந்தன. எட்டாவது துருவேறிச் சுழலவில்லை. அவன் கடப்பாரையைக் கொண்டுவந்து நெம்பினான். பட்டை இரண்டாக மடங்கி, பூட்டு விழுகிற கொண்டியோடு பிய்த்துக்கொண்டு வந்தது. அந்தச் சாந்தமான மனுஷனிடம் அவ்வளவு பலம் இருக்குமென்று அவள் நினைத்ததில்லை. பிரிட்ஜ் அலுங்காமல் உள்ளே நகர்ந்து, படம் இருந்த சுவருக்கு அடியில் போய் நின்றது. வாசல் வழியாகக் காற்று வந்தது. ரேணுகாம்பாள் கையில் பையோடு கீழே இறங்கினாள். மணி மூன்று.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்ளவில்லை. அதற்கு நேரமும் இல்லை. “சட்ட மாத்திக்கினு வாங்க” என்றாள் அவள். “பாவாடத் துணிய மறந்துடாதீங்க.”

அவன் கதவைப் பார்த்தான். கொண்டி போய்விட்டதால் கதவு சாத்தினாலும் தானாகத் திறந்துகொண்டது. கயிறு கட்டலாமா என்று தயங்கினான். பிரிட்ஜ் இரண்டு நாள் ஆடாமல் நின்ற பிறகுதான் திரி ஏற்றுவேன், அதுவரை எனக்கு இங்கே வேலையில்லை, வேண்டுமானால் கடையிலிருந்து ஒரு ஆளைக் காவலுக்கு அனுப்பட்டுமா என்றார் பாஷா. வேண்டாம் என்றாள் ரேணுகாம்பாள். சகாதேவன் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். கதவு திறந்து கிடக்க, இருவரும் செங்கம் ரோட்டுக்கு நடந்தார்கள். ரோடு வரைக்கும் அவன் நாலு தடவை திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் கஸ்தூரி மணையில் உட்கார்ந்தாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு நடுவே தாயும் தகப்பனும் சேர்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்திருக்கிறார்களா என்று நிமிர்ந்து ஒரு தடவை தேடினாள், வந்திருந்தார்கள். சகாதேவனுக்கு முதலில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. யாரைப் பார்த்தாலும் மணி கேட்டான். மத்தியானச் சாப்பாடு ஆனதும் அர்ஜுனன் வீட்டுக் கூடத்தில் துண்டை விரித்துப் படுத்தவன், பந்தல் பிரிக்கிற சத்தத்திலும் எழுந்திருக்காமல் தூங்கினான். யாரும் எழுப்ப வேண்டாம் என்று ரேணுகாம்பாள் சொல்லிவைத்தாள். சனிக்கிழமையும் இருந்துவிட்டு ஞாயிறு மத்தியானம்தான் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினார்கள்.

மண்பாதை திரும்பியதும் சகாதேவன் வேகமாக முன்னால் போனான். கதவு அவர்கள் விட்டுப்போன மாதிரியே திறந்து கிடந்தது. அவன் உள்ளே ஏறிப் பெட்டியைத் திறக்கும் சத்தமும், பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் சத்தமும் கேட்டன. அண்டா இருந்தது. ரேடியோ இருந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கொடியில் அவன் பழைய சட்டை தொங்கியது. அப்பாதுரையின் கோழி ஒன்று ஏறி வந்து பிரிட்ஜின் தலையில் எச்சம் போட்டிருந்தது, அவ்வளவுதான். மூன்று நாளாக அந்தப் பக்கம் ஒரு ஆள் எட்டிப் பார்த்த அடையாளம் இல்லை.

“ஒண்ணுமே போவல” என்றான் சகாதேவன், முகமெல்லாம் சிரிப்பாக வாசலில் வந்து நின்று. “எல்லாம் வச்சது வச்ச மாதிரியே இருக்கு. யாரும் வரவே இல்ல, வந்து பாரேன்.”

ரேணுகாம்பாள் உள்ளே போகவில்லை. படிப் பலகையில் உட்கார்ந்தாள். காசியம்மாளின் சாவுக்குப் பிறகு அவள் அப்படி அழுததில்லை. பயந்துபோன சகாதேவன் இறங்கி வந்து, என்ன காணோம், நகை ஏதாவது வைத்திருந்தாயா என்று கேட்டான். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“இத்தினி வருஷம் காவல் இருந்ததுக்கு ஒரு டம்ளராவது போயிருக்கக் கூடாதாங்க” என்றாள்.

அவனுக்குப் புரிந்தது. சிரிப்பு போய், அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.